பாரம் ஏற்றினால் மட்டும் வரும் சத்தம்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் பத்மநாதன். அவர் இதில் பாரமாக வருகிறார். உருவகம் என்று நினைத்து அடிக்கோடு போட்டுவிடாதீர்கள். ஆள் நல்ல பெருத்த உடம்பு. அந்தக் கடைசி முறை அவரைக் காரில் ஏற்றியதே அதற்காகத்தான். இத்தாலியில், பலெர்மோ நகரத்துக்குப் பக்கத்தில், ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தின் குசினியில் இறால் உரித்துக்கொண்டே சொன்னார். முடிவுக்குக் கிட்ட வந்ததும், "அங்காலை என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியாது, நான் நடந்து வந்திட்டன்" என்றார். கதை சொல்ல வந்தவர் செய்கிற வேலையா இது?

ஆகவே மிச்சம் என் தலையில் விழுந்தது.

2

தொடக்கம் ஒன்று: "2007ஆம் ஆண்டின் செப்டெம்பர் ஞாயிறொன்றில், பெல்லெக்ரீனோ மலையின் வளைவுகளில் இறங்கிய நீல வாகனமொன்றின் அடிவயிற்றிலிருந்து எழுந்த முனகல்..."

(முனகலாம். அடிவயிறாம். வெட்டிவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: விக்னராஜாவின் கார் இறங்கும்போது கத்தியது.

இதையே வைத்துக்கொள்வோம். விக்னராஜா பலெர்மோவில் ஒரு சினியோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டில் சமையல் வேலை செய்பவர். காலமெல்லாம் பஸ்ஸுக்குக் காத்து நின்றவர் வாங்கிய முதல் புதுக் கார் அது. ஞாயிறுதோறும் மனைவி செலஸ்ரீனா, மகள் யுவஸ்ரீ, கூடவே நண்பர் பத்மநாதன் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, மலை உச்சிக் குகையில் இருக்கும் ரோசாலியா மாதாவிடம் போவார். அவர் சைவம், மனைவி வேதம், கத்தோலிக்கம். மாதா இருவரிடமும் ஒன்றும் விசாரிப்பதில்லை.*

ஏறும்போது கார் வாய் திறக்காது. இறங்கும்போது, பின்சீற் நிறைந்திருந்தால் மட்டும், வளைவில் பிரேக்கை மிதித்ததும் பின்பக்கத்தில் "கிறீச்" என்று ஒரு சத்தம். பிரேக்கும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பிடிக்கும்.

(* மாதாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். பிரேக்குக்குச் சம்பந்தமில்லை என்று எடுத்துவிட்டேன். நல்ல பக்கம்.)

3

கார் விற்ற கொம்பனியின் கராஜில் காலோஜெரோ என்ற மெக்கானிக் இருந்தார். அவர் தனியாக ஏறி, துறைமுகப் பக்கம் சமதரையில் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தார்.

"தூசி," என்றார். "சிரோக்கோ காத்துக்கு ஆபிரிக்காவிலயிருந்து வாற தூசி. வேறை ஒண்டுமில்லை."

(அவர் பேசியது இத்தாலியன். பத்மநாதன் வாய்வழி வந்ததால் இந்தக் கதையில் காலோஜெரோவும் யாழ்ப்பாணத்தான்தான்.)

பலெர்மோவின் பிரான்காச்சோப் பகுதியில் சின்னக் கராஜ் வைத்திருக்கும் கொன்ஸ்ரன்ரைன் எங்கள் தமிழ் ஆள். அவர் காரைத் தொடவில்லை. ஒரு ஞாயிறு பத்மநாதனின் இடத்தில் இருந்து மலைக்குப் போய், இறங்கும்போது காது கொடுத்துக் கேட்டார்.

"தூசியோ? ஆருக்கு விடுறான் கயிறு! அண்ணை, உது பிரேக். பின்னுக்கு ஒரு பக்கம் பிடிக்குது, மற்றப் பக்கம் பிடிக்கேல்லை. ஒருநாளைக்கு ரெண்டும் பிடிக்காது."

"அப்ப கழட்டிப் பாரன் தம்பி."

"நான் ஒரு நட்டைத் திருப்பினாலும் உங்கடை கரன்சியா போச்சு. மாத முடிவு வரைக்கும் அது கிடக்கெல்லே. அவங்களைக் கொண்டே செய்விக்கப் பாருங்கோ."

கரன்சியா என்றால் கொம்பனி தந்த இரண்டு வருட உத்தரவாதம். அது வேண்டுமென்றால் தூசியை நம்ப வேண்டும். பிரேக்கை நம்பினால் அது போய்விடும். விக்னராஜா இருதலைக் கொள்ளி எறும்பாக நின்றார்.

செலஸ்ரீனா நிற்கவில்லை. அடுத்த நாளே பஸ்ஸில் வேலைக்குப் போனாள்.

4

இதுவரை எழுதியதை இரண்டு நண்பர்களிடம் கொடுத்தேன். தொடக்கம்தான் பழுது, விக்னராஜா நல்ல ஆள் என்றார் ஒருவர். தொடக்கம் திறம், விக்னராஜாதான் முதுகெலும்பில்லாதவர் என்றார் மற்றவர். இரண்டு பேரும் இரண்டாம் பகுதியைத் தாண்டவில்லை என்பது பிறகு தெரிந்தது. சமதரையில் ஓடிப் பார்த்திருக்கிறார்கள்.

5

விக்னராஜா திரும்பவும் கொம்பனிக் கராஜுக்குப் போனார்.

"பாரம் ஏத்தினால்தான் சத்தம் வரும், சினியோர்."

"அப்ப பாரத்தைக் கொண்டு வா," என்றார் காலோஜெரோ.

சனிக்கிழமை பாரம் வந்தது. செலஸ்ரீனா, யுவஸ்ரீ, பத்மநாதன். மூவரும் கோயில் உடுப்பில். "கொம்பனிக்காரன்தானே ஓடப்போறான், அவனுக்கும் உயிர் வெல்லம்தானே" என்று சொல்லித்தான் விக்னராஜா செலஸ்ரீனாவைச் சம்மதிக்க வைத்திருந்தார். காலோஜெரோ ஓட்டினார். கொன்ஸ்ரன்ரைன் மோட்டார்சைக்கிளில் பின்னால் வந்தார்.

உச்சியில் காரை நிறுத்திவிட்டு, காலோஜெரோ இரண்டு கைகளையும் விரித்தார். "எங்கை சத்தம்?"

"இறங்கேக்கைதான் வரும்."

"சரி, இறங்குவம்."

எல்லோரும் ஏறியிருந்தார்கள். கொன்ஸ்ரன்ரைன் காருக்கு முன்னால் வந்து நின்றார். "அண்ணை, பிள்ளையை வைச்சுக்கொண்டு இறங்காதேங்கோ. சொல்லிப்போட்டன்."

"அப்ப கல்லு ஏத்துவம்," என்றார் விக்னராஜா.

காலோஜெரோ மறுத்தார். கரன்சியா சாதாரணப் பாவனைக்கு மட்டும்தான். கல் ஏற்றுவது சாதாரணப் பாவனை இல்லை. குடும்பம் ஏற்றுவது சாதாரணப் பாவனை.

செலஸ்ரீனா கதவைத் திறந்தாள். "இஞ்சை பாருங்கோ, அந்தச் சத்தம் வேணுமெண்டால் நீங்கள் இருந்து கேளுங்கோ. நான் பிள்ளையோடை நடந்து இறங்கப்போறன்." பத்மநாதனும் அவளுக்குப் பின்னால் இறங்கினார்.

யுவஸ்ரீ இறங்கவில்லை. எட்டு வயது. பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நொன் ஓ பவூரா, அப்பா. எனக்குப் பயமில்லை. நான் இருக்கிறன்."

அந்தச் சத்தம் அப்பாவுக்கு எவ்வளவு தேவை என்று பிள்ளைக்கு விளங்கியிருந்தது. விக்னராஜாவுக்கு வெட்கமாக இருந்தது. பெல்ட்டைக் கழற்றி, அவளைத் தூக்கி இறக்கி, தாயின் கையில் பிடித்துக் கொடுத்தார்.

"போ குஞ்சு. அப்பா வாறன்."

மூவரும் கல் பதித்த பழைய பாதையால் இறங்கிப் போனார்கள். பாரம் போய்விட்டது; என் சாட்சியும் போய்விட்டார்.

6

முடிவு (அ): யுவஸ்ரீயை அவர் இறக்கவில்லை. கார் இறங்குகிறது. கிறீச். காலோஜெரோ வெளிறிப்போகிறார். கொம்பனி எல்லாவற்றையும் மாற்றிக் கொடுக்கிறது. சுபம். இதை நான் மூன்றாவது வளைவு வரை எழுதினேன். காலோஜெரோ மிதிக்கிறார், பிரேக் யோசிக்கிறது, பின்சீற்றில் பிள்ளை பெல்ட்டை இரண்டு கையாலும்

இல்லை. என்னால் ஏலாது.

முடிவு (ஆ): வெறும் கார் இறங்குகிறது. சத்தம் இல்லை. "தூசி," என்கிறார் காலோஜெரோ. மாதம் முடிகிறது, கரன்சியாவும் முடிகிறது.

முடிவு (இ): கொன்ஸ்ரன்ரைன் அங்கேயே பின்சக்கரத்தைக் கழற்றுகிறார். கரன்சியா போச்சு. உள்ளே என்ன பழுது என்று நான் எழுத வேண்டும். எனக்குக் காரைப் பற்றி ஒரு இழவும் தெரியாது.

7

(அ)வை வெட்டும்போதுதான் உறைத்தது. கொம்பனி கேட்டதையே நானும் கேட்டிருக்கிறேன். கதையில் சத்தம் வர வேண்டுமென்று ஒரு பிள்ளையைக் காரில் ஏற்றப் பார்த்தேன். ஏற்ற மாட்டேன். அவள் பாதி மலை இறங்கிவிட்டாள், பல்லி கண்ட இடமெல்லாம் நின்று தாயிடம் பேச்சு வாங்குகிறாள். அவள் அப்படியே வீட்டுக்குப் போகட்டும்.

மேலே கார் நிற்கிறது. காலோஜெரோ ஸ்டியரிங்கில் கை வைத்தபடி நேரம் பார்க்கிறார். கொன்ஸ்ரன்ரைன் ஏற மாட்டேன் என்று மோட்டார்சைக்கிளில் குந்தியிருக்கிறார். பின்சீற்றில் மூன்று பேர் இருந்தால் அது சாதாரணப் பாவனை. யாருடைய ஆட்கள் என்று கரன்சியாவில் சொல்லவில்லை.

முடிவு வேண்டுமென்று இவ்வளவு தூரம் ஏறி வந்தவர் நீங்கள். தூசி என்று நினைப்பவர்கள் முதலில் ஏறலாம். விக்னராஜா பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

என்னைக் கூப்பிடாதீர்கள். நான் நடந்து வருகிறேன்.