இரண்டு முறை ஆவுடையப்பன்

ஸ்பெயினில் சரகோசாவுக்குப் படிக்க வந்த மூன்றாம் வாரத்தில் நான் என் அப்பாவின் பெயரை எடுத்துக்கொண்டேன். அதனால் தென்காசியில் அப்பாவுக்குப் பெயர் இல்லாமல் போய்விட்டது.

வேண்டுமென்று செய்ததல்ல. எங்கள் ஆட்களுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. என் பெயர் கோமதி. இனிஷியல் ஆ. பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரிக்கச் சொன்னார்கள். விரித்தோம். ஆவுடையப்பன் என்று வந்தது. ஸ்பெயினிலோ ஆளுக்கு இரண்டு குடும்பப்பெயர். பதிவுப் படிவத்தில் இரண்டு கட்டம் இருந்தது. முதல் கட்டத்தில் அப்பாவை எழுதிவிட்டு இரண்டாவதை அப்படியே விட்டேன். கம்ப்யூட்டர் காலிக் கட்டத்தை ஏற்காது என்று சொல்லி, முதல் கட்டத்தில் இருந்ததையே இரண்டாவதிலும் அடித்தார்கள்.

ஒரு முறை எடுத்திருந்தால் ஊரில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும். இரண்டு முறை எடுத்ததில் அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை.

முதலில் கண்டுபிடித்தது அப்பாதான். அவருக்குப் பாத்திரக்கடை. வாங்குகிற பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுப்பார். ஒரு நாள் காலையில் கடைத் தம்ளரில் தன் பெயரை வெட்ட மிஷினை வைத்தார். மிஷின் ஓடியது. கை நகரவில்லை. வெளியே வந்து பார்த்தால் போர்டில் 'பாத்திர மாளிகை' என்று மட்டும் இருந்தது. அதற்கு முன்னால் வெறும் மஞ்சள் பெயிண்ட்.

அம்மாவுக்குத் தெரியப் பதினோரு நாள் ஆயிற்று. கட்டின புருஷன் பெயரை அவள் சொல்வதில்லை. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் இடத்தில் கேட்டால் என்னைப் பிடித்து முன்னால் தள்ளுவாள். சொல்லாத பெயர் தொலைந்தால் எப்படித் தெரியும்?

"ஏட்டி கோமதி, வீட்டுல ஒரு ஆளு இருக்காரு," என்றாள் போனில்.

"அப்பாம்மா அது."

"அப்படித்தான் அவரும் சொல்லுதாரு. பாத்த மூஞ்சியாத்தான் இருக்கு. சோறு போட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"தாயி, எம்பேரு என்னம்மா? உங்கம்மா கேக்கா. ஒரு அடையாளம் சொல்லணும்லா."

சொன்னேன்.

"லைன் விட்டுப்போச்சு. திருப்பிச் சொல்லு."

ஒன்பது தடவை சொன்னேன். அந்த இடம் மட்டும் அவருக்குக் கேட்கவில்லை. "சரிம்மா, நீ போய்ப் படி," என்று வைத்துவிட்டார். எனக்கு என்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இங்கே அந்தப் பெயர் தாராளமாகக் கிடந்தது. நான் ஆற்றுநீர் மேலாண்மை படிக்கிறேன். வகுப்பில் எனக்கு இரண்டு வருகை போட்டார்கள். ஆற்று வண்டலைப் பற்றி இரண்டு கட்டுரை எழுதச் சொன்னார்கள். இரண்டிலும் ஒரே கருத்து இருக்கக் கூடாது என்றார்கள். கீழே என் தபால்பெட்டியில் தென்காசிக் கல்யாணப் பத்திரிகைகள் வந்து விழுந்தன. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, உயர்திரு ஆவுடையப்பன் அவர்கள் என்று எழுதியிருந்தது. அப்பாவின் இடது முழங்கால் வலியும் வந்து சேர்ந்தது.

மூன்றாம் மாடி பிலார் அம்மாள் ஒரு வாணலியோடு வந்து மணியடித்தார்.

"பெயர் வெட்ட வேண்டும்."

"எனக்கு வெட்டத் தெரியாது."

"ஆவுடையப்பன் நீங்கள்தானே?"

மேஜைமேல் அப்பாவின் பெயர் வெட்டும் மிஷின் வந்து உட்கார்ந்திருந்தது. என் கை எடுத்தது. தமிழ் எழுத்தில் 'பிலார்' என்று வெட்டியது. அப்பா வெட்டுவதைப்போலவே 'ப' பெட்டி மாதிரி சதுரமாக வந்தது. வாணலிமேல் குனிந்து அழுதேன். அதை ஈரமாக்கக் கூடாது, துருப்பிடிக்கும் என்றார் பிலார் அம்மாள். மறுநாள் அவருக்குப் பின்னால் படிக்கட்டில் ஏழு பேர் நின்றார்கள்.

ஒவ்வொரு வாரமும் அப்பா கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தார். கடைச் சாவியைப் பக்கத்துக் கடைக்காரர் வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு கட்டிலில் படுக்க அவருக்கே கூச்சமாகிவிட்டது. மச்சுப்படிக்குக் கீழே பாய் போட்டுக்கொண்டார். அம்மா அவரை "வாங்க, உக்காருங்க" என்று வந்தவர்களைச் சொல்வதுபோலச் சொல்ல ஆரம்பித்தாள்.

என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் நியெவெஸ் சொன்னாள்: "பெயர் திருப்பும் அலுவலகத்துக்குப் போ, ஆவுடையப்பன். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு உன் கோப்பை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு அது உன் பெயர்தான். யார் அழுதாலும் உன் பெயர்தான்."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். வராந்தாவின் கடைசியில் ஜன்னல் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது அடி இருக்கும். நடந்தேன். அந்த அலுவலகத்தில் ஒருவர் காபி குடிக்கப் போனால் வராந்தா ஒரு கதவு நீளும். பதினொரு மணிக்கு எல்லோரும் போனார்கள். ஜன்னல் ஒரு தபால்தலை அளவுக்குச் சிறுத்துப்போனது. அப்பாவின் முழங்காலை வைத்துக்கொண்டு ஓடினேன். வழியில் சிலர் பாய் விரித்துக் குடியிருந்தார்கள். ஒருவர் துணி காயப்போட்டிருந்தார். யாரும் வழிவிடவில்லை, யாரும் மறிக்கவும் இல்லை.

ஜன்னலைத் தொட்டபோது மணி ஒன்று ஐம்பது.

"பெயர்?" என்றாள் அந்தப் பெண்.

"அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்தேன்."

"இரண்டையுமா?"

"இரண்டையும்."

"அப்புறம் நீங்கள் யார்?"

"கோமதி மட்டும்."

"கோமதி மட்டும் என்று யாரும் இந்த நாட்டுக்குள் வரவில்லை."

"வராதவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். என் அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள்."

 அவள் குனிந்து ஒரு தாளை எடுத்துத் தூசி ஊதினாள்.

"ஒரு வழி இருக்கிறது. உரிமையுள்ளவர் ஒருவர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர் பதில் சொல்ல வேண்டும். அந்த நிமிஷமே பெயர் அவரிடம் போய்விடும். ஆனால் கூப்பிடுகிறவர் அந்தப் பெயரை முன்னால் ஒரு தடவைகூடச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன வாய்க்கு இனி வராது. இங்கே எந்த மனைவியும் அப்படி இல்லை. இந்தப் படிவத்தை இதுவரை யாரும் பூர்த்தி செய்ததில்லை."

 "எங்கள் வீட்டில் அப்படி ஒருத்தி இருக்கிறாள்," என்று கத்தினேன்.

போனை ஸ்பீக்கரில் போட்டேன். அங்கே விளக்கு வைக்கிற நேரம்.

"அம்மா, அந்த ஆளு எங்க இருக்காரு?"

"இங்கதான் ஒக்காந்து காப்பி குடிக்காரு."

"அவரப் பேரு சொல்லிக் கூப்புடும்மா."

"எவரு பேர?"

"அப்பா பேர."

"அய்யய்யோ," என்றாள் அம்மா. "அதெப்படிட்டி சொல்ல? அவுக ஆயுசு கொறஞ்சிரும்லா."

"சொல்லலைன்னா ஆளே இல்லாமப் போயிருவாரும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும். ஒரே ஒரு தடவ."

 ஜன்னலில் அந்தப் பெண் முத்திரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மணி ஒன்று ஐம்பத்தெட்டு.

"ஞாபகம் இருக்காம்மா?"

"அதெப்படி மறக்கும்? மனசுக்குள்ள தெனமும் கூப்புடத்தான செய்தேன்."

அம்மா தொண்டையைச் செருமினாள். புடவைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். பிறகு கூப்பிட்டாள்.

"ஆவுடையப்பா..."

அந்தப் பெயரை அப்படி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முப்பத்தோரு வருஷமும் அதில் இருந்தது. 

"என்ன?" என்றேன்.

நான்தான் சொன்னேன். மூன்று மாதமாக எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வாயைப் பொத்துவதற்குள் சொல் வெளியே போய்விட்டது.

முத்திரை விழுந்தது.

"பதில் வந்துவிட்டது," என்றாள் அந்தப் பெண். "ஆள் இங்கே இருக்கிறார்."

"இல்லை! இன்னொரு தடவை! ஒரே ஒரு தடவை!"

"சொன்ன வாய்க்கு இனி வராது."

ஜன்னலுக்கு மரக்கதவு இறங்கியது. போனில் அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

"ஏங்க, எங்க போயிருந்திய இத்தன நாளா? சாப்ட்டியளா?"

"அம்மா, நான் கோமதி. கோமதி பேசுதேன்."

"கோமதியா? அவ படிக்கல்லா போயிருக்கா. உங்களுக்குத் தெரியாதா? எப்ப வாரிய?"

பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "போன்ல யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரவுக."

"அப்படியா. ரொம்ப சந்தோசம்மா," என்றார் அப்பா. "அப்ப நான் கெளம்புதேன்."

"அப்பா!" என்று கத்தினேன். "அப்பா, போகாதிய!" வராந்தா முழுக்க எதிரொலித்தது. பாயில் படுத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

போனில் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டு வாசல்கதவு தரையில் உரசும். கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டும். தெரியாதவர்கள் சாத்தினால் தெருமுனைவரை கேட்கும்.

"யாரோ என்னமோ," என்றாள் அம்மா. "கதவத் தூக்கிச் சாத்திட்டுப் போறாருங்க."