சாமியை இறக்கிய விமானம்

கன்னையா சந்தையில் கத்தரிக்காய் வாங்கினாலும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, உள்ளே புழு இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டுத்தான் பைக்குள் போடுவார். அப்படிப்பட்ட மனுசன் மகளுக்கு மாப்பிள்ளை தேடினால் எப்படி இருக்கும்? நகரிப் பக்கத்தில் தலைமுறையாகக் கரும்பு போடுகிற குடும்பம். ஒரே பெண் யமுனா. தரகர் ரங்கையா கொண்டுவந்த வரன் முரளிதரனுக்கு, திருப்பதி விமான நிலையம் இருக்கிற ரேணிகுண்டாவில், சேஷகிரி ஏர்லிங்க் என்ற விமானக் கம்பெனியில் வேலை.

தொண்ணூறுகளின் நடுவில், ஆகாயத்தைத் தனியாருக்குத் திறந்துவிட்ட புதிது. நேற்றுவரை லாரி ஓட்டியவனெல்லாம் விமானம் விடுகிறேன் என்று கிளம்பினான். மெட்ராசுக்கும் பெங்களூருக்கும் பெரிய விமானத்தில் வந்து இறங்குகிற பக்தர்களைச் சின்ன விமானத்தில் ஏற்றித் திருப்பதிக்குக் கொண்டுவருவதுதான் சேஷகிரியின் தொழில். பதினெட்டு சீட்டு, ரெண்டு காற்றாடி. ரயிலை விட்டு இறங்கியவனை வீட்டில் கொண்டுபோய் விடுகிற ஆட்டோ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

யமுனாவுக்கு முரளியைப் பிடித்துப்போயிற்று. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பஜ்ஜியைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது, மேலே படிக்க ஆசையா என்று அவளிடம் கேட்டவன் அவன் ஒருத்தன்தான். நிச்சயத்துக்கு நாளும் குறித்தாயிற்று. கன்னையாவுக்குத்தான் சந்தேகம் தீரவில்லை. கம்பெனி நிலைக்குமா, நிலைக்காதா? மனைவி தாட்சாயணியிடமும் சொல்லாமல் ஒரு காலையில் ரேணிகுண்டாவுக்குப் பஸ் ஏறினார்.

முரளி மரியாதையாக வரவேற்று, டீ வாங்கிக்கொடுத்து, கம்பி வேலி ஓரம் நிழலில் உட்காரவைத்தான். விமானம் ஏறப் போகிறவர்களைப் பெட்டியோடு எடைமேடையில் நிறுத்தி எடை பார்த்தார்கள். சின்ன விமானம், பாரம் ஒரே பக்கம் சாயக் கூடாது என்று முரளி விளக்கினான். கன்னையா தலையாட்டினார். மொட்டை போட்ட மனுசனை வெல்ல மூட்டை மாதிரி நிறுக்கிறார்களே, இது நிஜமாகவே பறக்கிற சாமான்தானா என்று உள்ளுக்குள் ஓடியது.

சந்தேகத்தை உறுதி செய்கிற மாதிரி அப்புறம் ஒன்று நடந்தது. முரளி விமானத்துக்குள் ஏறினான். முன்னால் மாட்டியிருந்த ஏழுமலையான் படத்தைக் கழற்றி, துண்டில் சுற்றி, அக்கம்பக்கம் பார்த்தபடி இறங்கி, தன் பைக்குள் வைத்தான்.

கன்னையா வேலி ஓரத்திலிருந்து, திறந்திருந்த கதவு வழியாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். மாடு விற்கிறவன் தன் வீட்டுக் கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொண்டுதான் மாட்டைக் கொடுப்பான். கயிறு போனால் லட்சுமியும் அதோடு போய்விடுவாள் என்பது அவர்கள் பக்கத்து நம்பிக்கை. சாமியை இறக்கியாயிற்று என்றால் என்ன அர்த்தம்? விமானத்தை விற்றாயிற்று, கம்பெனி கதை முடிந்தது! ஏன் இறக்கினாய் என்று அவனிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சந்தேகப் பிராணி என்றைக்கு நேரில் கேட்டிருக்கிறது? சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறினார். சாயங்காலமே ரங்கையாவைக் கூப்பிட்டு, சாமி படத்தையே இறக்கிவிட்ட கம்பெனி, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரமே முரளி வீடு தேடி வந்தான். படத்தின் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது, பயணிகள் பார்த்தால் அபசகுனம் என்பார்கள், அதனால்தான் யார் கண்ணிலும் படாமல் இறக்கித் திருப்பதிக் கடையில் கண்ணாடி மாற்றி மறுநாளே மாட்டிவிட்டேன் என்றான். வந்து பாருங்கள் மாமா என்று கெஞ்சாத குறையாகக் கூப்பிட்டான். இவ்வளவு விளக்கம் கொடுக்கிறவனிடம் ஏதோ இருக்கிறது என்று கன்னையா மோரைக் கொடுத்து அனுப்பிவிட்டார். யமுனா உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. தை பிறப்பதற்குள் சேஷகிரி மூடிப்போயிற்று. வாடகைக்கு எடுத்த விமானங்களாம், சொந்தக்காரன் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். கன்னையாவைப் பிடிக்க முடியுமா? டீக்கடை, கரும்பு லாரி நிற்கிற இடம், எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. நான் அப்பவே சொன்னேன், நான் அப்பவே சொன்னேன்.

ரங்கையாவிடமும் பீற்றினார். ரங்கையா பொறுமையாகக் கேட்டுவிட்டு மீதிக் கதையைச் சொன்னார். கம்பெனி நின்ற அன்று மேனேஜர் முதல் எல்லாரும் கம்பி நீட்டிவிட்டார்கள். முரளி ஒருத்தன்தான் கவுன்டரை விட்டு நகரவில்லை. தவித்து நின்ற பயணிகளிடம் வசவெல்லாம் வாங்கிக்கொண்டு, வேன் பிடித்து, கூடவே உட்கார்ந்து மெட்ராஸ் வரை கொண்டுபோய் விட்டு வந்தான். இப்போது பம்பாய் ஏர்போர்ட்டில் வேலை. காளஹஸ்தியில் பெண் நிச்சயமாகிவிட்டது.

கன்னையா ராத்திரிச் சாப்பாட்டில் இதையும் ஒரு வேடிக்கை மாதிரி எடுத்து விட்டார். மூடின கம்பெனிக்கு வேன் பிடித்தானாம், பைத்தியக்காரன். கம்பெனி விசயத்தில் தன் கணக்கு தப்பவில்லை பார்த்தீர்களா என்று சிரித்தார்.

யமுனா தட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"நீ சொன்னது கரெக்ட்டுதான் நைனா. கம்பெனி பூடுச்சு. ஆனா நானு கம்பெனியையா கட்டிக்க இருந்தேன்? அங்க போய் நாள் பூரா ஏரோப்ளேனையே பாத்துக்கினு இருந்தியே, பக்கத்துல நின்னுக்கினு இருந்த அந்த ஆள ஒரு தரம் பாத்தியா?"

கன்னையா ஆதரவுக்காகத் தாட்சாயணியைப் பார்த்தார். அவள் மகள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை.