மஞ்சுக்கு மேலே வெனிஸ்

பாலகுமார் குன்னூரில் டாக்சி ஓட்டுகிறவர். தேனிலவுக்கு வரும் ஜோடிகளை சிம்ஸ் பார்க், லேம்ஸ் ராக், டால்பின் நோஸ் என்று ஏற்றிப் போய், அவர்கள் பார்த்து முடிக்கும்வரை காரிலேயே காத்திருப்பார். மூடுபனியாக மஞ்சு இறங்கிவிட்டால், "ஒண்ணுமே தெரியலையே" என்று அவரைத்தான் கோபித்துக்கொள்வார்கள். அவரும் மனைவி ஜானகியும் அப்படிச் சேர்ந்து எங்கும் போனதில்லை. சீசனில் அவருக்கு வண்டி ஓயாது. சீசன் முடிந்தால் மழை.

மகள் ஷண்முகப்ரியா இத்தாலியில் பதுவா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். போன ஜனவரியில் இருவரையும் வரவழைத்தாள். வெனிஸ் போவதாக இருந்த நாளில் அவளுக்கு ஆய்வகத்தில் வேலை வந்துவிட்டது. "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கப்பா. ஸ்டேஷனுக்கு எதிர்லயே தண்ணி, படகு நிக்கும். சான் மார்க்கோன்னு கேட்டு எறங்கிக்கோங்க" என்று ரயிலேற்றிவிட்டாள்.

ஸ்டேஷனுக்கு எதிரே தண்ணீர் இருந்தது. அதற்கப்பால் எல்லாம் வெள்ளை. படகு மஞ்சுக்குள் மெல்லப் போனது. மாளிகைகளின் வாசற்படிகள் தண்ணீரில் நனைந்தபடி தெரிந்து மறைந்தன. மாடிகளைக் காணோம்.

சான் மார்க்கோ சதுக்கத்தில் போய் நின்றால், பெரிய தேவாலயத்துக்கு வாசல் மட்டும் இருந்தது. பாலகுமாருக்கு ஆத்திரமாக வந்தது.

"இத்தனை தூரம் பறந்து வந்து லேம்ஸ் ராக்குல நிக்கற மாதிரியே நிக்கறோம் பாரு. ஒண்ணுமே தெரியல."

ஜானகி சிரித்துவிட்டாள். "உங்க பார்ட்டிங்க பேசற மாதிரியே பேசறீங்க."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு செங்கல் மணிக்கோபுரம் மஞ்சுக்குள் ஏறி மறைந்திருந்தது.

"ஏனுங்க, இதுல ஏறலாங்களா?"

"ஏறி என்னத்தப் பாக்கறது?"

"இங்க நின்னு என்னத்தப் பாக்கறீங்க?"

வரிசையே இல்லை. டிக்கெட் கொடுக்கும் பெண் வானத்தைக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள். ஜானகி இரண்டு விரலை நீட்டினாள்.

மேலே லிஃப்ட் கதவு திறந்ததும் வெயில் முகத்தில் அடித்தது.

காலுக்குக் கீழே நகரம் முழுவதும் மஞ்சில் மூழ்கிக் கிடந்தது. அதன்மேல் தேவாலயத்தின் ஐந்து குவிமாடங்கள் மட்டும், கட்டடம் ஏதுமில்லாமல், தாமாக மிதந்தன. தூரத்தில் இன்னொரு கோபுரம் சற்றே சாய்ந்து நின்றது. வடக்கே, வானத்தின் விளிம்பு நெடுக, பனி மூடிய மலைகள். மலையிலேயே பிறந்து வளர்ந்த ஜானகி அப்படி ஒரு மலையைப் பார்த்ததில்லை. கம்பிவலையைப் பற்றிக்கொண்டாள்.

கண்ணுக்குத் தெரியாத நகரத்திலிருந்து படகின் ஊதல் வந்தது. யாரோ சிரித்தார்கள். ஒரு நாய் குரைத்தது.

திடீரென்று தலைக்கு மேல் பெரிய மணி அசைந்தது. சத்தம் காதுக்கு வருமுன் பாதத்தில் ஏறியது. பாலகுமார் காதைப் பொத்திக்கொண்டார். ஜானகி பொத்தவில்லை. அண்ணாந்து நின்றாள், கண்ணில் நீர் வழிந்தது. மணி ஓய்ந்ததும் மஞ்சுக்குள்ளிருந்து வேறு மணிகள் ஒவ்வொன்றாய் ஒலித்தன. எங்கிருந்து என்று சொல்ல முடியவில்லை.

"ஜோடி ஜோடியா கூட்டிட்டுப் போய் எறக்கி விட்டுட்டு உக்காந்திருப்பேன்" என்றார் அவர். "என்னத்துக்கு இத்தனை செலவு பண்ணி வர்றாங்கன்னு தோணும்."

"உங்களையும் ஒரு நா எறங்கி வரச் சொல்லியிருக்கலாம் அவங்க."

"நீ கூட இல்லாம எறங்கி என்ன பண்ண?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மஞ்சு கிழியத் தொடங்கியது. முதலில் சிவந்த ஓட்டுக்கூரைகள், பிறகு ஒரு பாலம், பிறகு கடல். ஒரு பக்கம் பார்த்து முடிப்பதற்குள் மறுபக்கம் எதுவோ எழுந்து நின்றது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நான்கு பக்கமும் ஓடினார்கள். பதுவாவுக்குத் திரும்ப வேண்டிய ரயிலை விட்டார்கள். அதற்கடுத்த ரயிலையும் விட்டார்கள்.