டெக் இல்லாத சேனல்

அஃப்ரினின் நிக்காஹ் நடப்பதற்குச் சில வாரம் முன்பே அதன் வீடியோ உத்திரமேரூர் கேபிளில் ஓடியது. தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஏரி நிரம்பியிருந்த கார்த்திகை. கேபிள் நடத்தியவர் பெண்ணைப் பெற்ற அத்தா அப்துல் பாசித்தேதான். ஆனால் அவர் அதைப் போடவில்லை.

வினையை இழுத்துவிட்டது என்னவோ அவர்தான். லோக்கல் சேனலில் படம் போட்டால், பாதியில் டிவியைத் திறந்தவர்கள் முதலிலிருந்து போடச் சொல்லிப் பேஜார் பண்ணினார்கள். பாசித் கேசட் ஓட்டும் டெக் நாலு வாங்கி, ஒரே படத்தை நாலு சேனலில் அரைமணி தள்ளித் தள்ளி ஓட்டினார். ஆரம்பத்தைத் தவறவிட்டவர் அடுத்த சேனலுக்குக் காத்திருந்தால் போதும். ஊரே மெச்சியது. பால்காரி மங்கம்மா மட்டும், "அரமணி நேரம் இன்னாத்துக்குக் குந்திக்கினு இருக்கறது?" என்றாள். ரோஷத்தில் ஐந்தாவது டெக் வந்தது, இடைவெளி சுருங்கியது. காத்திருப்பைக் குறைத்துக்கொண்டே போனதில் ஒருநாள் அது பூஜ்யத்தையும் தாண்டிவிட்டது. டெக்கே இல்லாத ஆறாம் சேனலில், இனிமேல் நடக்கப்போவது படமாகத் தெரிந்தது.

கல்யாணக் கேசட்டை லோக்கல் சேனலில் போடவைத்து, தாம் பிரியாணி சாப்பிடுவதைத் தாமே பார்ப்பது ஊர் வழக்கம். அஃப்ரின் கல்யாணத்தையும் அப்படித்தான் பார்த்தார்கள், முன்கூட்டியே. மங்கம்மா தன் புடவை நிறத்தை அதில் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனாள். பாசித் தன்னைத் தேடினார். வாசலில் இல்லை, மேடையில் இல்லை. பெண்ணின் அத்தா அங்கே இல்லையென்றால் அதற்குள் அவர் போய்ச் சேர்ந்திருப்பார் என்றுதான் எல்லோருக்கும் பட்டது. மனைவி ஷாஜாதி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அவரோ ஒயரை அறுத்தார். மற்றதெல்லாம் நின்றது, ஆறாம் சேனல் ஓடியது.

மறுபடி பார்த்தபோது, பந்தியில் வீடியோக்கார அசோக் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்படியானால் கேமரா யார் தோளில்?

நிக்காஹ் அன்று காலையிலேயே அசோக்கிடமிருந்து கேமராவை வாங்கிக்கொண்ட பாசித், கடைசிவரை கீழே வைக்கவில்லை. காரில் ஏறுமுன் அஃப்ரின் எதிரே வந்து நின்றாள்.

"அத்தா, அத்த கீய வச்சிட்டு வாங்களேன்."

வைக்கத்தான் ஆசை. பயம் விடவில்லை. மகள் அழுததை அவர் லென்ஸ் வழியாகத்தான் பார்த்தார்.

உயிர் தப்பியது. அப்புறம் ஊரில் பத்திரிகை அடிக்குமுன் ஆறாம் சேனலைப் பார்ப்பது வழக்கமாயிற்று. எந்தக் கல்யாணத்திலும் பாசித் தெரிவதில்லை. ஆகவே எல்லாவற்றுக்கும் கேமராவோடு அவரே போகிறார். அசோக் செல்போன் கடை வைத்துவிட்டான்.

அஃப்ரின் ஊருக்கு வந்தால் தன் கேசட்டைப் போடுவாள். திரையில் அவள் நேராகப் பார்த்து அழும் இடத்தில் நிறுத்திவைத்து மகளிடம் சொல்வாள்: "இங்கதான் ஒன் நன்னா, எங்க அத்தா, நின்னுக்கினு கீறாரு."