பால்கனி வைத்த அறை

முனிர்காவில் வீடு வாங்கப்போவதாகச் சுந்தரவல்லி சொன்னபோது அலுவலகத்தில் யாருக்கும் விளங்கவில்லை. தலைநகரில் ஓய்வுபெறும் தமிழர்கள் மயூர் விஹாருக்குப் போவார்கள், இல்லாவிட்டால் ஊருக்கே போய்விடுவார்கள்.

"அங்கெல்லாம் யூனிவர்சிட்டி பசங்கதானே மேடம் இருப்பாங்க? பேச்சுத்துணைக்கு உங்க வயசுல ஒரு ஆள் கிடைக்காதே" என்றார் அடுத்த மேசை சுந்தரேஷ்.

"என் பொண்ணு அங்கதானே படிக்கிறா" என்றாள் சுந்தரவல்லி.

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. அந்தப் பதில் அவளுக்கே பிடித்திருந்தது. வீட்டுத் தரகர் ஹரிஷங்கரிடமும் அதையேதான் சொன்னாள். எத்தனை பேர் இருக்கப்போகிறீர்கள் என்று அவர் இந்தியில் கேட்டபோது, சற்றும் யோசிக்காமல் "இரண்டு பேர்" என்றாள்.

கணவர் இறந்தபோது மகள் மேதா கைக்குழந்தை. அவர் வேலை பார்த்த அலுவலகத்திலேயே கருணை அடிப்படையில் இவளுக்கு ஒரு குமாஸ்தா வேலை கொடுத்தார்கள். கோல் மார்க்கெட் பக்கத்தில் அரசாங்கக் குடியிருப்பு கிடைக்கப் பல வருடங்கள் பிடித்தன. அதுவரை நச்சரிக்காமல், யாரையும் போய்ப் பார்க்காமல் காத்திருந்தாள். பட்டியலில் பெயர் இருந்தால் முறை வந்தே தீரும். அந்த நம்பிக்கை அவளை ஏமாற்றியதில்லை. வீடு வந்தது, பதவி உயர்வு வந்தது. மகள் ஆராய்ச்சிப் படிப்புக்குச் சேர்ந்து விடுதிக்குப் போனபோதும், போகாதே என்று சொல்லவில்லை. ஓய்வுபெற்று, குடியிருப்பைக் காலி செய்து, பல்கலைக்கழகத்தின் வாசலிலேயே ஒரு வீட்டையும் வாங்கிவிட்டால், மகள் திரும்பி வராமல் எங்கே போவாள்?

இரண்டாவது மாடி. இரண்டு அறைகள். முன்னால் இருப்பது பெரியது, பால்கனி வைத்தது. குளிர்காலத்தில் பாதி நாள் அதற்குள் வெயில் நிற்கும். பின்னறைக்கு எதிர்ச்சுவர்தான் காட்சி. தன் கட்டிலைப் பின்னறையில் போட்டுக்கொண்டாள். முன்னறையில் ஜன்னலை ஒட்டி அகலமான மேசையும், ஆள் உயரத்துக்குப் புத்தக அலமாரியும் செய்யச் சொன்னாள். குளிருக்குப் போர்த்திக்கொள்ளப் புது ரஜாய் ஒன்று வாங்கி, பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் கட்டிலின் மேல் வைத்தாள்.

பால் காய்ச்சிய அன்று மேதா வந்திருந்தாள். பால்கனிக் கதவைத் திறந்து, கைகளை உயர்த்திச் சோம்பல் முறித்து, "செம ரூம்மா இது! என்ன வெயில் பாரேன்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு சுந்தரவல்லி மூன்று மாதங்களை ஓட்டினாள். மேதா ஞாயிற்றுக்கிழமைகளில் அழுக்குத் துணிப் பையோடு வருவாள், வாஷிங் மெஷின் ஓடி முடியும்வரை இருப்பாள், துணியை மடித்துக்கொண்டு கிளம்புவாள். இந்த ஸெமஸ்டர் முடியட்டும் என்று சுந்தரவல்லி தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

ஜனவரியில் ஒருநாள், வாரத்தின் நடுவில், காலைச் சமையல் முடிந்த நேரத்தில் ஒரு பெண் கதவைத் தட்டினாள். ஒல்லியாக இருந்தாள், முதுகில் பை, கழுத்தைச் சுற்றி மப்ளர்.

"ஆன்ட்டி, நான் சிந்து. தென்காசிப் பக்கம். மேதாக்கா அனுப்பினாங்க."

"மேதாவா? அவளுக்கு என்ன ஆச்சு?"

"ஐயோ, அவங்களுக்கு ஒண்ணுமில்ல ஆன்ட்டி! ரூம் பாக்கத்தான் வந்தேன்."

"எந்த ரூம்?"

அந்தப் பெண் தயங்கினாள். "அம்மா வீட்ல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு, அவங்களும் தனியாத்தான் இருக்காங்க, போய்ப் பேசிப் பாருன்னாங்க. உங்ககிட்ட போன்ல சொல்லிருதேன்னாங்களே. சொல்லலியா?"

சுந்தரவல்லியின் வாய் தானாகவே முந்திக்கொண்டது. "சொன்னா, சொன்னா. நான்தான் மறந்துட்டேன். உள்ள வாம்மா."

சிந்து முன்னறை வாசலிலேயே நின்று அலமாரியையும் மேசையையும் பார்த்தாள். உறை பிரிக்காத ரஜாயைப் பார்த்தாள். "யாரும் இருந்ததே இல்ல போலயே ஆன்ட்டி."

"இல்லை."

"நான் இப்ப இருக்கிற ரூம்ல பகல்லயும் லைட்டு போடணும். சன்னலத் தொறந்தா அடுத்த வீட்டு அடுப்படிதான். அவங்க என்ன கொழம்புன்னு நான் சொல்லிருவேன், ருசிதான் தெரியாது." சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். பால்கனியின் வெயிலில் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். சுந்தரவல்லிக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த வெயிலில் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டியவள் வேறொருத்தி.

காப்பி கொடுத்தாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி, எண்ணை வாங்கிக்கொண்டு அனுப்பினாள். பிறகு பின்னறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். கோபமாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். கோபம் இல்லை. கூச்சமாக இருந்தது. யாரும் அழைக்காத கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டதைப் போன்ற கூச்சம்.

மாலையாவதற்குள் மேதாவே கூப்பிட்டாள்.

"அம்மா, சிந்து வந்தாளாமே! நான் சொல்லணும்னு நினைச்சேன், மறந்தே போச்சு. ஸாரிமா. ரொம்ப நல்ல பொண்ணு, பேச்சாரி, பாவம், அந்த இருட்டு ரூம்ல..."

"மேதா, அது உன் ரூம்."

"என் ரூமா?"

"பால் காய்ச்சின அன்னிக்குப் பிடிச்சிருக்குன்னு சொன்னியே."

"ரூம் நல்லாயிருக்குன்னு சொன்னேன். மத்லப், அதாவது, நான் வந்து இருக்கேன்னு எப்பம்மா சொன்னேன்? நீயும் கேக்கவே இல்லியே. ஒரு ரூமை வாடகைக்கு விடத்தான் இங்க வாங்கியிருக்கேன்னு நினைச்சேன். முனிர்கால எல்லாரும் அதைத்தானே பண்றாங்க?"

உண்மைதான். கேட்கவே இல்லை. பட்டியலில் பெயர் ஏற வேண்டுமென்றால் முதலில் ஒரு மனு கொடுத்திருக்க வேண்டும். இத்தனை வருட சர்க்கார் உத்தியோகத்தில் எத்தனை பேருக்கு அதை எடுத்துச் சொல்லியிருக்கிறாள்! தான் மட்டும் மனுவே கொடுக்காமல், இல்லாத ஒரு வரிசையில் நின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

"சரி, இப்ப கேக்கறேன்" என்றாள். "என்கூட வந்து இருக்கியா?"

விடுதி வராந்தாவில் யாரோ சிரித்துக்கொண்டு ஓடும் சத்தம் போனில் கேட்டது.

"இல்லம்மா."

"சரி."

"அம்மா, கோவமா?"

"இல்லை. ஏன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"நீ காத்துக்கிட்டே இருப்பேம்மா. கோல் மார்க்கெட்ல பஸ் ஸ்டாப் தெரியற ஜன்னல்ல நின்னுட்டிருப்பே. நான் ஃப்ரெண்ட்ஸோட சிரிச்சுக்கிட்டே இறங்குவேன். மேல உன்னைப் பார்த்ததும், அய்யோ லேட்டாயிடுச்சேன்னு இருக்கும். நான் வர்றவரைக்கும் சாப்பிட மாட்டே. ஒரு நாள்கூடத் திட்டினதில்லை. திட்டியிருந்தா ஈஸியா இருந்திருக்கும். நான் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன்."

அந்த ஜன்னலைத் தன் அன்பு என்றே சுந்தரவல்லி நினைத்திருந்தாள். கீழேயிருந்து பார்க்கிறவளுக்கு அது எப்படித் தெரியும் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை.

"ஞாயித்துக்கிழமை வருவேல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

"வருவேம்மா. கண்டிப்பா."

மறுநாள் சிந்துவின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கொடுக்கலாம். வெயிலில் நிற்க ஒரு பெண், குழம்பைப் பற்றிப் பேச ஓர் ஆள். ஆனால் தன்னைப் பற்றித் தனக்குத் தெரியும். அந்தப் பெண் வந்த ஒரு வாரத்தில் அவளுக்காகவும் இவள் சாப்பிடாமல் உட்காரத் தொடங்குவாள். அவள் திரும்புகிற பாதை எந்த ஜன்னலிலிருந்து தெரியும் என்று பார்த்து வைப்பாள். வாடகைக்கு வந்த குழந்தை பாவம், அதற்கு ஏன் இந்தச் சுமை?

"ரூம் தரதுக்கில்லைம்மா, தப்பா எடுத்துக்காதே" என்றாள் போனில்.

"பரவால்ல ஆன்ட்டி. வேற பாத்துக்கிடுதேன்" என்றது அந்தக் குரல். ஏமாற்றத்தை மறைக்கத் தெரியாத குரல்.

போனை வைத்துவிட்டு முன்னறைக்குப் போனாள். ரஜாயின் உறையைப் பிரித்தாள். தன் புடவைகளைக் கைகொள்ளும் மட்டும் அள்ளிக் கொண்டுவந்து, புத்தகம் வைக்கச் செய்த அலமாரியில் அடுக்கினாள். மேசைமேல் மூக்குக்கண்ணாடியும் மாத்திரை டப்பாவும் வந்தன. பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். வெயில் முழங்கால்வரை ஏறியது, இதமாகத்தான் இருந்தது. இத்தனை நாள் யாருக்காக இதைச் செலவழிக்காமல் வைத்திருந்தோம் என்று தோன்றியதும், தன்னையறியாமல் கொஞ்சம் அழுதாள். கீழே மாணவர்கள் பேசிக்கொண்டே போனார்கள். ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேதா சொன்ன நேரத்தைவிடத் தாமதமாக வந்தாள். பழக்கத்தில் நேரே முன்னறைக்குப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கசங்கிய ரஜாயைப் பார்த்தாள், அலமாரியில் இருந்த புடவைகளைப் பார்த்தாள்.

"ஷிஃப்ட் பண்ணிட்டியா?"

"ஆமாம். அங்க குளிர் தாங்கலை."

"அச்சா பண்ணினே, நல்லதுதான்" என்றாள் மேதா. துணிப்பையைக் கீழே வைக்கவில்லை. "அப்போ... என் பையை எங்கம்மா வைக்கட்டும்?"

அந்தக் கேள்விக்குள் இருந்த சின்ன விரிசல் சுந்தரவல்லியின் காதில் விழுந்தது. வேண்டாமென்று சொன்னவளுக்கும் அந்த அறை இல்லாமல் போனது வலித்திருக்கிறது.

"பின்னறைல வை. இடம் இருக்கு."

"சாப்பிடலாமா?"

"நான் சாப்பிட்டாச்சு. உனக்குச் சாப்பாட்டு மேசைல மூடி வச்சிருக்கேன்."

மேதா திரும்பி அம்மாவை உற்றுப் பார்த்தாள். சிரிக்கப்போனவள் சிரிக்கவில்லை. துணிப்பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சுந்தரவல்லி பால்கனி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். உள்ளே மூடி திறக்கிற ஓசையும் தட்டில் கரண்டி படுகிற ஓசையும் கேட்டன. எழுந்து போய் எதிரில் உட்கார வேண்டும்போல் உடம்பெல்லாம் பரபரத்தது. நாற்காலிக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். மேதா தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஊறுகாய் எங்க இருக்கு?"

"ஃபிரிட்ஜ்ல, கீழ்த்தட்டுல" என்றாள் சுந்தரவல்லி, உட்கார்ந்த இடத்திலிருந்தே.