லேப்டாப்புக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைத்தேன், போர் மோட்டாருக்கு வைத்தேன், மண்வெட்டிக்கு வைத்தேன். மருமகள் ரோகிணியின் லேப்டாப்புக்கும் வைத்தேன். மூடிமேல் மட்டும் வைக்கச் சொல்லியிருந்தாள். மூடியா சம்பாதிக்கிறது? திறந்து, அவள் விரல் வைத்துத் தேய்க்கிற வழவழப்பான கட்டத்தின் நடுவில் சந்தனத்தை நன்றாக அப்பிக் குங்குமம் வைத்தேன். என் பெண்டாட்டி செல்லத்தாய் பார்த்துவிட்டுக் கத்தினாள். துண்டால் துடைத்து மூடிவிட்டேன். நடந்தது அவ்வளவுதான்.

சாயங்காலம் ரோகிணி வேலைக்கு உட்கார்ந்தாள். அவள் கம்பெனிக்கு வாடிக்கை எல்லாம் வெளிநாட்டு ஆட்கள். அவர்களுக்கு ஏது பூஜை? கொஞ்ச நேரத்தில் "ச்சே" என்றாள். இரண்டு விரலால் தள்ளினால் பக்கம் மேலே போக வேண்டுமாம், போகவில்லை. மூன்று விரலால் தள்ளினால் வேறு பக்கம் வர வேண்டுமாம், வரவில்லை. ஒரு விரலுக்கு மட்டும் அம்பு திக்கித் திக்கி நகர்ந்தது.

"மவுஸுன்னு ஒண்ணு விக்கிறானே, வாங்கியாரவா?"

"வெளிச் சாமான் எதையும் செருக முடியாது மாமா. கம்பெனி பூட்டி வச்சிருக்கு."

அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அந்தக் கம்பெனியைப் பிடித்தது.

சென்னை ஆபீசில் இந்தக் கோளாறெல்லாம் பார்க்கிற கிரீஷ் என்பவனை ஃபோனில் கூப்பிட்டாள். கூப்பிட்டதும் அம்பு தானாக ஓட ஆரம்பித்தது. ரோகிணியின் கை இரண்டும் மடியில் இருந்தன.

"ஏத்தா, யாரு நகட்டுறது?"

"கிரீஷ்தான், மாமா. சென்னைல இருந்து."

"வாசக்கதவு சாத்திக் கெடக்கு. எப்பிடி உள்ள வந்தான்?"

"வணக்கம் சார்" என்றது ஃபோன்.

"வணக்கம் இருக்கட்டும். பாத்துட்டு வெளிய போயிரணும். வேற எதையும் தொடக் கூடாது."

"கண்ணுல படாத ஆளுகிட்டயும் சண்டையா?" என்றாள் செல்லத்தாய் அடுப்படியிலிருந்து.

அவன் செட்டிங்கை மாற்றினான், எதையோ அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினான், அணைத்துப் போடச் சொன்னான். ஒன்றுக்கும் மசியவில்லை.

"மேடம், நாளைக்கே சென்னைக்கு எடுத்துட்டு வந்துருங்க. மேனேஜரும் கேட்டுட்டே இருக்காரு. வந்தா அப்படியே இங்கயே உக்காந்து வேலை பாக்கலாம்னாரு."

ரோகிணி முகம் வாடிவிட்டது. லேப்டாப் போனால் அவளும் போவாள், பின்னாலேயே என் மகன் அருள்பாண்டியும் போவான். அவன் போவது கிடக்கட்டும். செல்லத்தாய் கத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். நின்று எனக்குப் பதில் சொல்ல இந்த வீட்டில் ரோகிணி ஒருத்திதான் இருக்கிறாள்.

"ஒரு நிமிஷம் மேடம்" என்றான் கிரீஷ். "டச்பேடுல ஏதாச்சும் ஒட்டியிருக்கா? ஏற்கெனவே ஒரு விரல் வச்சிருக்கிற மாதிரி காட்டுது. நீங்க ரெண்டு வச்சா அது மூணுன்னு எடுத்துக்குது."

"ஒண்ணுமில்லையே."

"சந்தனம் இருக்கும்" என்றேன்.

"எங்க?"

"அதுலதேன். நடுவுல வச்சேன். பெறகு தொடச்சிட்டேன்."

ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டாள். "மாமா! மூடியில மட்டும்னு சொன்னேன்ல?"

"மூடிக்கா ஒனக்குச் சம்பளம் போடுறாக?"

லேப்டாப்பை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தாள். நான் துடைத்த துடைப்பில் சந்தனம் முழுக்க ஓரத்து இடுக்கில் போய் அடைந்து, மூடி கிடந்ததில் ஈரம் காயாமல் இருந்தது. அணைத்துவிட்டு, காது குடைகிற பட்ஸை விட்டு நோண்டி எடுத்தாள். என் துண்டை நீட்டினேன். தட்டிவிட்டாள். கண்ணாடி துடைக்கிற துணியால் துடைத்து, திரும்பப் போட்டாள்.

இரண்டு விரலை வைத்துத் தள்ளினாள். பக்கம் சர்ரென்று மேலே ஓடியது. மூன்று விரலுக்கும் சொன்னபடி கேட்டது.

"சூப்பர் மேடம். என்ன பிரச்சினைன்னு எழுதிக்கணுமே?"

ரோகிணி என்னைப் பார்த்தாள்.

"தூசி" என்றாள்.

அவன் ஃபோனை வைத்ததும் அவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். "சாமிக்குக் கொழைச்ச சந்தனத்தைத் தூசிங்கிறயே?"

"சந்தனம்னு சொன்னா, அந்த வீட்டுல வச்சு வேலை பாத்தா மிஷின் தாங்காதுன்னு மேனேஜர் என்னைச் சென்னைக்கே கூப்பிட்டுக்குவாரு. திரும்பப் போட்டு நெசத்தைச் சொல்லவா?" என்று ஃபோனை எடுத்தாள்.

"கீழ வையி. தூசிதேன்" என்றேன். "நாகமலைப் பக்கம் காத்தடிச்சா வீட்டுக்குள்ள இம்புட்டுத் தூசி வருதே, அவனுக்கு என்ன தெரியும்?"