கடுகு தெறித்த தழும்பு

திண்டிவனம் கல்லூரியில் எனக்கு விலங்கியல் வாத்தியார் வேலை. 1987 பங்குனி வெயிலில் அம்மை போட்டுவிட்டது. ஏற்கெனவே அம்மை கண்டவர்கள்தான் பக்கத்தில் இருக்கலாம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வாசலில் வேப்பிலை செருகியதுமே, கல்யாணமாகி ஆறு மாதமே ஆன தேவகியை விழுப்புரத்துக்கு, அவள் அண்ணன் வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

"எனக்குச் சின்ன வயசுலயே போட்டுடுச்சு. இதோ பாருங்க" என்று முழங்கைக்கு மேல் ஒரு சின்னத் தழும்பைக் காட்டினாள். நானும் பெரிய மேதாவி போலக் குனிந்து பார்த்து, சரி என்றேன்.

படுத்தபடியும் பாடம் நடத்தாமல் என்னால் இருக்க முடியாது. அந்த மாதம்தான் ஓர் ஆராய்ச்சி இதழில் படித்திருந்தேன். "வெள்ளை அணுவுக்குள்ள டி.என்.ஏ.ன்னு ஒரு நூல் இறுக்கமா சுத்தியிருக்கும். கிருமி வந்ததும், எந்த எடம் தேவையோ அதை மட்டும் தளர்த்திப் படிச்சுக்கும்."

"மத்த எடம்?"

"மூடியே இருக்கும்."

"நீங்களும் இருக்கீங்களே. ஒரு வேட்டி எடுக்க பீரோவையே கலைச்சுப் போடுறீங்க."

"கேளு. அப்படிப் பழகின அணுவுங்க கொஞ்சம் உடம்புலயே தங்கிடும். அதான் மறுபடி வர்றதில்ல. உனக்குள்ளயும் இருக்குது."

அவள் வேப்பங்கொத்தால் விசிறினாள். என் விளக்கத்தில் மயங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மை இறங்கி, எனக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று அவள் அண்ணன் கண்ணையன் இளநீரோடு வந்தார். பேச்சுவாக்கில் அவளுக்கு அம்மை போட்ட தழும்பைப் பற்றிச் சொன்னேன்.

"இவளுக்கா? வூட்ல எல்லாருக்கும் போட்டப்ப இவ மாமா ஊர்ல இருந்தா. அது கடுகு தெறிச்சது மாப்ள."

வயது வந்தவர்களை அம்மை எப்படி வாட்டும் என்று பட்டுத் தெரிந்திருந்தேன். "ஏண்டி பொய் சொன்ன?" என்று கத்தினேன்.

"நெசத்தச் சொல்லியிருந்தா பஸ் ஏத்தி வுட்டிருப்பீங்க" என்றாள்.

அதன்பின் தினமும் காலையில் அவள் கழுத்தையும் காதோரத்தையும் பார்த்தேன். ஐந்தாம் நாள் காய்ச்சலோடு, காதுக்குப் பின்னால் ஒரு நீர்க்கொப்புளம்.

அவள் கண்ணை மூடியபடியே கேட்டாள்: "உங்க அணுவுங்க இப்ப இதைத் தெரிஞ்சு வெச்சிருக்கும் இல்ல?"

"ம்."

"அப்ப உங்களுக்கு மறுபடி வராது. எங்கியும் போவாம இங்கயே குந்திக்கினு இருங்க."

கல்லூரிக்கு மறுபடியும் லீவு எழுதி அனுப்பிவிட்டு, அவள் பாயில் வேப்பிலையைப் பரப்பினேன்.